லென்ஸ் என்னிடம், பெட்டி உங்களிடம்

காலையில் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். உங்கள் பட்டறை வாசனை வந்தது, பாய். தோலும், அதை ஒட்டுகிற சொல்யூஷனும், கொஞ்சம் மழை ஈரமும் கலந்த வாசனை. செம்பூரில் நான்காவது மாடியில், சலவைச் சோப்பு மணக்கும் எங்கள் படுக்கையறையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. நீங்கள் கேமராவுக்கென்று உங்கள் கையாலேயே தைத்த பை அங்கேதான் இருக்கிறது. பையின் ஓரத்தில் லென்ஸுக்கென்று தனியாக ஓர் அறை வைத்துத் தைத்திருந்தீர்கள். எத்தனையோ வருடங்கள் அந்த அறை வாரத்தில் ஆறு நாட்கள் காலியாகவே கிடந்தது.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் முனகுவதாக நினைக்க வேண்டாம். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். சாவி கைக்கு வர மூன்று வருடம் என்கிறார்கள், ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை இந்த இரண்டு அறை வாடகை வீடு. முழங்கால் இரண்டும் தகராறு. பாதிச் சாமான்கள் இன்னும் அட்டைப் பெட்டியில். எதைத் திறந்தாலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? இந்த வயதில் தினம் பத்து முடிவு எடுப்பது என்பது மாடி ஏறுவதை விடக் கஷ்டமாக இருக்கிறது.

மற்றதெல்லாம் எப்படியோ போய்ச் சேர்ந்தது. கேமரா மட்டும் நகரவில்லை. உங்கள் வீட்டம்மா அதைக் கொண்டுவந்து வைத்த இடத்திலேயே, சாப்பாட்டு மேசைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில், மூன்று மாதம் இருந்தது. என் மனைவி இரண்டு முறை அதில் கால் இடித்துக்கொண்டாள். “ஏன்னா, நீங்க படம் எடுக்கப் போறதில்லை. அதையும் பார்த்துண்டு எத்தனை நாள் இருப்பேள்? யாராவது ஆசைப்பட்டவாளுக்குக் கொடுத்துடுங்கோ” என்றாள். பெங்களூரில் இருக்கும் என் பெண் ஃபோனிலேயே விளம்பரம் எழுதி இணையத்தில் போட்டுவிட்டாள். அவள் கேட்டபோது நான் சரி என்றுதான் சொன்னேன்.

உங்களை எப்படிச் சந்தித்தேன் என்று யாராவது கேட்டால் நீங்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. “இவரு என் பொட்டிக்குக் கண்ணாடி” என்பீர்கள். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியாது. உண்மையில் நடந்தது கோட்டைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரின் வேலை. பழைய கேமரா விற்பவர். பன்னிரண்டே படம் வரும் பெரிய ஃபிலிம் போடுகிற கேமரா, வயிற்றோடு அணைத்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டிய வகை. பெட்டி தனி, லென்ஸ் தனியாகக் கழற்றலாம். முழுதாக வாங்க என் சம்பளம் போதாது. இந்த மாதம் லென்ஸ், அடுத்த மாதம் பெட்டி என்று பேசி லென்ஸை வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த மாதம் போனால் பெட்டி இல்லை. தாராவியிலிருந்து ஒரு தோல்காரர் வாங்கிப் போய்விட்டார் என்றார். அவரிடமும் இதே பேச்சைத்தான் பேசியிருக்கிறார், இந்த மாதம் பெட்டி, அடுத்த மாதம் லென்ஸ் என்று.

பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த முகவரியோடு, கோபத்தில் சயானில் இறங்கி, தொண்ணூறு அடி ரோட்டில் நாலு பேரிடம் வழி கேட்டு உங்கள் பட்டறைக்கு வந்தேன். நீங்களும் கோபமாகத்தான் இருந்தீர்கள். பெட்டியை விற்கிறீர்களா என்று நான் கேட்டேன். கண்ணாடியை விற்கிறீரா என்று நீங்கள் கேட்டீர்கள், லென்ஸுக்கு நீங்கள் வைத்த பெயர் அது. டீ வந்தது. இரண்டாவது டீயும் வந்தது. யாரும் விற்கவில்லை. கடைசியில், சேர்த்தாவது பார்ப்போம் என்று தோல் வெட்டும் பலகையின் மேல் வைத்து லென்ஸைப் பெட்டியில் பொருத்தினீர்கள். ஒரு சின்னச் சத்தத்தோடு அது உட்கார்ந்தது. இருவரும் மாறி மாறிக் குனிந்து உள்ளே பார்த்தோம்.

அன்று போட்ட ஏற்பாடுதான் கடைசி வரை. லென்ஸ் என் வீட்டில் இருக்கும். மூன்றாவது மாடி, காற்று வரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. பெட்டி உங்களிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் லென்ஸோடு வருவேன், சேர்ப்போம், ஒரு ரோல் எடுப்போம். முதல் ஆறு படம் உங்களுக்கு, கடைசி ஆறு எனக்கு. திரும்பும்போது நீங்கள்தான் லென்ஸைக் கழற்றிக் கொடுப்பீர்கள். கழற்றும் முன் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும், ஃபிலிமை நகர்த்துகிற சாவியை ஒரு சுற்றுச் சுற்றுவீர்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் ஆறு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். தைக்கிறவர், தண்ணீர் பிடிக்கிறவர், மாஹிம் பக்கம் போகிற கைவண்டிக்காரர், யாரையும் விடமாட்டீர்கள். நான் என் ஆறை மிச்சம் பிடித்துக்கொண்டே போவேன். வெயில் ஏறிவிடும், மூன்று படம் அப்படியே இருக்கும். “சாமி, படத்தைப் பேங்க்குல போட்டா வட்டி தருவானா?” என்று கேட்பீர்கள். ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் ஃபைலுக்கு நம்பர் போட்ட கை, பாய். எதையும் சட்டென்று செலவழிக்க எனக்கு வராது.

நெகட்டிவ் எல்லாம் என்னிடம்தான். ஒவ்வொரு ரோலுக்கும் ஓர் உறை, உறையின் மேல் நம்பர். ஒன்று முதல் ஆறு வரை உங்கள் படம், ஏழு முதல் பன்னிரண்டு வரை என் படம். அதில் குழப்பமே வராது என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் காலை வாரிவிட்டது.

ஒரு நோன்பு மாதத்து ஞாயிறு. அன்று வழக்கத்துக்கு மாறாகச் சாயங்காலம் வந்திருந்தேன். உங்கள் பட்டறையில் வயதான தையல்காரர் ஒருவர் உண்டே, ராமநாதபுரத்துக்காரர், அவர் தையல் மெஷின் மேல் பேரீச்சம்பழமும் நறுக்கிய தர்பூசணியும் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருந்தார். பழத்தைப் பார்க்கவில்லை. கையில் கழற்றி வைத்திருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாக வந்த கடைசி வெளிச்சம் சரியாக அவர் மேல். உங்கள் ஆறும் தீர்ந்திருந்தது. “சாமி, ஒம்ம கணக்குல ஒண்ணு குடும். அடுத்த ரோலுல திருப்பித் தாரேன்” என்றீர்கள். கொடுத்தேன். எடுத்தீர்கள். அது ஏழாம் நம்பர்.

கொடுத்ததை மறந்துபோனேன். அதில் பொய் இல்லை, உண்மையாகவே மறந்துபோனேன். நாலு வருடம் கழித்து, மாட்டுங்காவில் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவில் அங்கத்தினர்கள் எடுத்த படங்களை மாட்டப் போவதாகச் சொன்னபோது உறைகளைப் புரட்டினேன். அந்தப் படம் கண்ணில் பட்டது. நம்பர் ஏழு. ஏழு என்றால் என்னுடையது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, கீழே என் பெயரோடு மாட்டினார்கள். நான் அதுவரை எடுத்த எந்தப் படத்தையும் யாரும் இரண்டு நிமிடம் நின்று பார்த்ததில்லை. அதைப் பார்த்தார்கள். பாராட்டி மேடையில் சால்வை போர்த்தினார்கள். உங்களையும் நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

நீங்கள் வந்தீர்கள். வெள்ளைச் சட்டை, கொஞ்சம் அத்தர். அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றீர்கள். நீங்கள் என்னை விட ஒரு சாண் குட்டை. உங்கள் படங்களில் எல்லோரும் கொஞ்சம் உயரமாகத் தெரிவார்கள், என் படங்களில் எல்லோருக்கும் தலை உச்சி தெரியும். கேமராவை வயிற்றில் வைத்து எடுப்பதால் அப்படி. தையல்காரர் அந்தப் படத்தில் ஒரு ராஜா மாதிரி உயரமாக இருந்தார். நீங்கள் அவர் முன்னால் நின்ற அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, பாய். அது உங்கள் வயிற்று உயரத்தில் எடுத்த படம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மைக் பக்கத்திலேயே இருந்தது. தோளில் சால்வை இருந்தது, சொல்லவில்லை. நீங்கள், அங்கே கொடுத்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, காப்பியையும் குடித்துவிட்டு, என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அடுத்த ஞாயிறு பட்டறைக்கு வந்தபோது, லென்ஸைப் பொருத்திவிட்டு நீங்களாகத்தான் ஆரம்பித்தீர்கள். குரல்கூட உயரவில்லை.

“சாமி, அந்த ஏழாம் நம்பரு நான் ஒம்மகிட்ட கேட்டு வாங்குனது. ஞாபகம் இருக்கா?”

இல்லை என்றேன். அது பொய். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மாட்டிக்கொண்டவனுக்கு வாய் நீளும். லென்ஸ் என்னுடையது, அது இல்லாவிட்டால் உங்கள் பெட்டி வெறும் பெட்டிதான் என்று சொன்னேன். பட்டறையில் மெஷின் சத்தம் நின்றது. அங்கே வேலை செய்த நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் அந்தத் தையல்காரரும் ஒருவர்.

“சரி. அப்பம் ஒம்ம கண்ணாடிய நீரே வச்சுக்கிடும்” என்றீர்கள். அப்போதும் சாவியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் லென்ஸைக் கழற்றினீர்கள். மெத்துத் துணியால் துடைத்து, மூடி போட்டு, என் கையில் வைத்தீர்கள்.

அதன் பிறகு பதினொரு மாதம் நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன்.  

பிறகு நீங்கள் ஃபோன் செய்தீர்கள். ஒன்றுமே நடக்காத மாதிரி முதலில் என் முழங்காலை விசாரித்தீர்கள். அப்புறம் விஷயத்துக்கு வந்தீர்கள்.

“பட்டறையக் காலி பண்ணணும்னுட்டானுவ. கோவண்டிப் பக்கம் எடம் பாத்திருக்கேன், எல்லாரும் அங்க வருவானுவளான்னு தெரியல. போறதுக்கு முன்னால நாலு பேரையும் நிக்க வச்சு ஒரு ரோலு எடுத்துருவோம். கண்ணாடிய எடுத்துட்டு வாரும். பன்னெண்டும் நீரே எடும்.”

பன்னிரண்டும் நானே எடுக்கலாமாம். நீங்கள் என்னை எந்த அளவுக்குப் படித்து வைத்திருந்தீர்கள் என்று நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. இந்த ஞாயிறு கால் வலி, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு மழை. நல்ல மழைதான், ஆனால் ரயில் ஓடியது. அதற்கும் அடுத்த வாரம் புதன்கிழமை உங்கள் மருமகன் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். காலையில் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று. நான் செய்தியைப் பார்த்ததே பதினொரு மணிக்கு மேல். டாக்சி பிடித்து வருவதற்குள் அடக்கம் செய்யக் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே செருப்புகள் கிடந்தன. பட்டறையில் பாதி மெஷின்களை ஏற்கெனவே கழற்றிச் சாக்கில் கட்டியிருந்தார்கள். லென்ஸை எடுத்துக்கொண்டுதான் வந்தேன், பாய். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. கை தானாக எடுத்தது.

உங்கள் வீட்டம்மா, வெளியே வராமல் துக்கம் காக்கும் இத்தா நாட்கள் முடிந்த பிறகு, ஆட்டோ வைத்துக்கொண்டு செம்பூருக்கு வந்தார். மருமகன் பையைத் தூக்கி வந்தார். வீட்டம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் முதலில் பையைக் கீழே வைக்கச் சொன்னார்.

“அண்ணாச்சி, அவுக எப்பமோ சொல்லி வச்சது. கண்ணாடி இருக்க எடத்துல பொட்டியும் இருக்கட்டும்னு.”

நீங்கள் அதைக் கோபத்தில் சொன்னீர்களா, பிரியத்தில் சொன்னீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கத் துணிச்சல் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்கள் தொழுகைக்குப் போய் வந்து, பெட்டியை மடியில் வைத்துச் சாவியைச் சுற்றுவீர்களாம். பொத்தானை அழுத்த, டப் என்று ஒரு சத்தம் வருமாம். பிறகு மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றிப் பைக்குள் வைத்துவிடுவீர்களாம். கண்ணாடியில்லாத பெட்டியை எதற்குச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பீர்களாம். நான் தலையாட்டினேன். வயதான மனிதர்களின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அப்படி நாலைந்து உண்டு.

அவர் போன பிறகு லென்ஸை எடுத்துவந்து பெட்டியில் சேர்க்கவில்லை. பெட்டி மேசைப் பக்கத்தில், லென்ஸ் பீரோவில். ஒரே வீட்டில் இருந்தும் மாட்டுங்காவும் தாராவியுமாகத்தான் இருந்தன.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, விளம்பரம் பார்த்துவிட்டு ஒரு பெண் வந்தாள். காட்காபரில் இருக்கிறாள், முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற தொழில். அதற்கு டிஜிட்டல், தன் சந்தோஷத்துக்கு மட்டும் ஃபிலிம் என்றாள். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம், இவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. லென்ஸை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியைப் பார்த்தாள். மூலைகளில் பெயின்ட் போய்ப் பித்தளை தெரிந்தது. ஒரு பக்கம் சொல்யூஷன் கறை.

“அங்கிள், பாடி எங்கிட்ட ஆல்ரெடி ஹை. எனக்கு லென்ஸ் மட்டும் போதும். பாடி ரொம்ப தேஞ்சு போச்சு, அதை யாரும் எடுக்க மாட்டாங்க.”

உள்ளேயிருந்து என் மனைவி பார்த்தாள். சரி என்று சொன்னால் பாதியாவது இடத்தைக் காலி செய்யும்.  லென்ஸ் என்னுடையதுதானே, விற்க எனக்குச் சகல உரிமையும் உண்டு. அதைத்தான் உங்கள் பட்டறையில் நாலு பேர் முன்னால் நான் கத்திச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு பெண் மரியாதையாக அதையே கேட்கிறாள். லென்ஸ் வேலை செய்கிறதா என்று இந்தப் பெட்டியிலேயே ஒரு முறை போட்டுப் பார்த்துவிடும்மா என்றேன். நேரம் கடத்தத்தான் சொன்னேன்.

அவள் பொருத்தினாள். உட்காரவில்லை. எடுத்துத் திரும்பப் பொருத்தினாள். அப்போதும் உட்காரவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். நான் அதை ஒரு முறைகூடப் பொருத்தியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருடமும் பொருத்தியது நீங்கள், கழற்றியது நீங்கள். ஒரு வருடத்துக்கு மேல் உபயோகிக்காமல் உங்கள் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தாராவி ஈரம், தோல் தூசி என்று அவளிடம் சொல்லவும் செய்தேன்.

அவள் பெட்டியின் வாய்க்குள் ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பிறகு லென்ஸைக் கவிழ்த்துப் பின்பக்கம் பார்த்தாள்.

“நஹி அங்கிள், பாடி ஏக்தம் டீக் ஹை, ஒரு குறையும் இல்ல. சாவி குடுத்து ரெடியா இருக்கு. லென்ஸ்தான் லூஸா இருக்கு. ரெண்டு பக்கமும் சாவி குடுத்து இருந்தாதான் இது சேரும். லென்ஸ் ஸ்பிரிங்கை யாரோ வேணும்னே ரிலீஸ் பண்ணியிருக்காங்க.”

யாரோ இல்லை, பாய். நான்தான்.

நீங்கள் லென்ஸைத் துடைத்துக் கையில் கொடுத்த அன்று, வீட்டுக்குப் போகாமல் நேரே தாதரில் கேமரா ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். லென்ஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங் சுருள் இறுகிய நிலையில் நெடுநாள் கிடந்தால் தளர்ந்துபோகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். தளர்த்திக் கொடுங்கள் என்றேன். ரொம்ப நாள் சும்மா வைக்கப் போகிறீர்களா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. சண்டை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, நான் இனி வரப்போவதில்லை என்று ஒரு ரிப்பேர்க்காரரிடம் முடிவாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் பக்கத்தைச் சுற்றி வைத்திருக்கிறீர்கள். நான் எப்போது வந்தாலும் சேரட்டும் என்று. நாற்பது ஐம்பது வெள்ளிக்கிழமை இருக்குமே, பாய்.

அந்தப் பெண் ஒரு காசு கேட்டாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். லென்ஸின் பின்னால் இருந்த ஒரு சின்னப் பிளவில் காசின் விளிம்பை வைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை திருப்பினாள். பெட்டியில் வைத்தாள். அது உட்கார்ந்தது. உங்கள் தோல் வெட்டும் பலகையின் மேல் முதல் நாள் கேட்ட அதே சத்தம். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுதேன். எழுபது வயதுக் கிழவன் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் நின்று அழுதால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன தோன்றும்? என் மனைவி வந்து குழாயை மூடினாள். “விக்க வேண்டாம்” என்றாள். 

வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். லென்ஸ் மட்டும் தர முடியாது, இரண்டையும் சேர்த்தும் இப்போது தர முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்காபரிலிருந்து வந்தவளுக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, சும்மா வைத்திருந்தால் வாரம் ஒரு முறை இப்படி ஓடவிட்டு, மறுபடி இறுக்கி வைக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். ஒரு சுற்று, டப், மறுபடி ஒரு சுற்று. உங்கள் வீட்டம்மா சொன்னது அப்படியே.

அன்று சாயங்காலம் நெகட்டிவ் பெட்டியைத் திறந்தேன். அந்த நோன்பு மாதத்து ரோலுக்கு அடுத்த ரோல். ஜன்னல் கண்ணாடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் ஐந்து படத்தில் ஆட்கள் உயரம். ஆறாவதில் ஆரம்பித்துத் தலை உச்சி தெரிகிறது. ஆறாவதும் என்னுடையது. சொன்னபடியே ஒன்றைத் திருப்பித் தந்திருக்கிறீர்கள். அதையும் நான் கவனிக்கவில்லை. அந்த ஆறாவது படத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? மூடிய ஒரு ஷட்டர் கதவு. அவ்வளவுதான். உங்களிடம் வாங்கிய ஒரே ஒரு படத்தை அதற்குச் செலவழித்திருக்கிறேன்.

மறுநாள் சங்கத்துக்குப் போனேன். அந்தப் படம் இன்னும் அங்கே வாசகசாலைச் சுவரில் இருக்கிறது, ஆண்டு விழாவோடு எடுத்து வைக்கவில்லை. காரியதரிசியிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லாம் முடிந்துபோன சமாசாரம், இப்போது யார் சார் கேட்கிறார்கள் என்றார். படம் எடுத்தவர் அங்கத்தினரே இல்லையே என்றும் சொன்னார். என்ன ஆதாரம் என்று கேட்டார். திருடியவனே வந்து சொன்னால் அதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்றேன். அறையில் நாலு பேர் இருந்தார்கள், எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். உங்கள் பட்டறையிலும் நாலு பேர். அந்த அளவில் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நேராகவில்லை, தெரியும். என் பெயர்ச் சீட்டைப் பிய்த்துவிட்டு, வீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்த உங்கள் பெயரை ஒட்டினேன். கோந்து போதவில்லை, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடுத்த முறை போகும்போது சரி செய்ய வேண்டும்.

உங்கள் பட்டறை ஆட்கள் நாலு பேரையும் தேடிக் கோவண்டிக்கும் போனேன். புது இடத்தில் ஒருவர்தான் இருக்கிறார். ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், இன்னொருவர் வேறு பட்டறை. தையல்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆகி மகன் வீட்டில் இருக்கிறாராம், எங்கே என்று தெரியவில்லை. நாலு பேரும் சேர்ந்து நிற்கிற படம் இனிக் கிடையாது. நான் வராத அந்த இரண்டு ஞாயிற்றோடு அது போய்விட்டது. இதற்கு நான் எந்தச் சமாதானமும் தேடவில்லை. திரும்பி வர ரயிலில் ஒரே ஸ்டேஷன்தான், உட்கார இடம் கிடைத்தது, அதற்குள் தூங்கிவிட்டேன்.

பெங்களூரில் இருக்கும் என் பெண்ணிடம் விளம்பரத்தை எடுத்துவிடச் சொன்னேன். அப்பா, உனக்குப் பிறகு இதை நான் என்ன செய்ய என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்தக் காட்காபர்ப் பெண்ணின் நம்பரைக் கொடுத்து, அவளையே கூப்பிடு என்றேன். ஆனால் பிரிக்கக் கூடாது, பெட்டியும் லென்ஸும் சேர்த்தே போக வேண்டும் என்றேன். சரிப்பா என்றாள். அவளுக்கு அது ஒரு கிழவனின் பிடிவாதம். இருக்கட்டும்.

படம் எடுக்கத் தெம்பில்லை, பாய். ஃபிலிம் வாங்கவும் இல்லை. பை பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது, என் மனைவி தன் புடவைகளை மேலே ஏற்றி இடம் கொடுத்தாள். குனிந்து எடுக்கும்போது முழங்கால் படுத்துகிறது, ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. அதற்காகத்தான் காலையில் பீரோவைத் திறந்தேன். மடியில் வைத்து ஒரு சுற்று, டப், மறுபடி ஒரு சுற்று. இப்போது ஒரே சுற்றில் இரண்டு பக்கமும் இறுகிவிடுகிறது.